இருபது பேரும் ஒரு பட்டியலும்

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா போனில் சொன்னது ஒரே வரிதான்.

"கதீர், டப்பியில இன்னும் ஒரே ஒரு மாத்திரைதான் கிடக்கு."

நான் அலுவலகத்தில் இருந்தேன். அலுவலகம் என்றால் அம்மான் நகரத்தின் ஓரம் ஸுவைலிஹில் ஒரு சோபாக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் நானும் அய்ஹமும் ஐந்து வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் இணையதளம் எங்களுடையது. ஊரில் யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் எங்களிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்ட என் வீட்டில்தான் அப்பாவுக்கு மாத்திரை இல்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனால், நில அளவையாளராக இருந்த பழைய அப்பா திரும்பி வந்துவிடுவார். எழுந்து நடப்பார், அம்மாவை வம்புக்கு இழுப்பார். மாத்திரை இல்லையென்றால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார். குரல்கூட உள்ளே போய்விடும். மூன்று வாரமாக அந்த மாத்திரைக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் என் தங்கை தியாலாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஜாஹா வருகிறது. நாற்பது ஆண்கள். அவர்களில் மூத்தவருக்கு முதல் காபி கொடுப்போம். அவர் அதைத் தொடாமல் முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசுவார். பெண்ணின் அப்பா எழுந்து பதில் சொல்லி, "உங்க காபியைக் குடிங்க" என்று சொன்ன பிறகே அந்தக் கோப்பை வாய்க்குப் போகும்.

எங்கள் வீட்டில் அந்தப் பதிலை யார் சொல்வது என்பதுதான் ஒரு வாரமாகச் சண்டை. பெரியப்பா முன்வந்தார். "தம்பி, உனக்கு முடியாதுன்னா நான் பேசறேன். வெட்கப்பட இதுல என்ன இருக்கு?"

"அண்ணா, நீங்க உங்க பொண்ணுங்க நாலு பேருக்கும் பேசினீங்க. நான் குறுக்கே வந்தேனா?" என்றார் அப்பா. "எனக்கு ரெண்டே பொண்ணு. மூத்தவ கதீர் யாரையும் பொண்ணு கேட்டு வரவிட மாட்டேங்கறா. இதையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

அம்மா போனில் தொடர்ந்தாள். "உன் அப்பா இன்னிக்கு ராத்திரி மாத்திரையைப் போடாம நாளைக்கு வச்சுக்கறாராம்."

"வேண்டாம் யம்மா! போன மாசம் அப்படி வச்சுக்கிட்டதுல என்ன ஆச்சு? விடியக்காலைல விழுங்கக்கூட வாய் திறக்கலையே."

"நான் சொன்னா கேட்பாரா? நீ சொல்லு. இல்லேன்னா மாத்திரையைக் கண்டுபிடி. ஊருக்கெல்லாம் கண்டுபிடிக்கறியே."

போனை வைத்ததும் அய்ஹம் நிமிர்ந்து பார்த்தான். அவன் யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்பவன் இல்லை. ஆனால் அம்மாவின் குரல் போனுக்குள் அடங்குவதில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வேணும்?" என்றான்.

"மூணு மணிக்குள்ள."

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தான். "உன் ப்ரோகிராமைக் காட்டு."

அது இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது. ஒரு மருந்துக்கடையின் இணையப் பக்கத்துக்குப் போகும், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும். பிறகுதான் அடுத்த கடை. ஒரு பதிலுக்குச் சராசரியாக நான்கு விநாடி. நாட்டில் எங்கள் பட்டியலில் இருப்பவை ஆயிரத்து எண்ணூறு கடைகள். ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரம்.

"இதுல என்ன குறை? யாரையும் விடாம கேட்குதே," என்றேன் கொஞ்சம் ரோஷமாக.

"குறையே இல்லை. உன் ப்ரோகிராம் ரொம்ப நல்ல பொண்ணு. ஒவ்வொரு வீட்லயும் உட்கார்ந்து, பதில் வர்ற வரைக்கும் சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கா. பட்டியல்ல கடைசியில இருக்கற கடைக்கு ஒரு டப்பா வந்தா, இவ போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆகிடும். இப்ப இருக்கற தட்டுப்பாட்டுல அது பத்து நிமிஷம்கூட அலமாரியில தங்காது."

எனக்கும் அது தெரியும். மூன்று வாரமாக எங்கள் தளத்தில் 'உண்டு' என்று காட்டிய கடைகளுக்கு ஓடிப்போனவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பி, போனில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஒருத்திக்குப் பதிலா பல பேரை அனுப்பலாம்," என்றேன். "பட்டியலைச் சம பங்காப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடலாம்."

அய்ஹம் சிரித்தான். "ஈத் அன்னிக்கு எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சோம். அத்தை, சித்தின்னு முப்பது வீடு, அண்ணன் தம்பி ஆறு பேர். ஆளுக்கு அஞ்சு வீடுன்னு பிரிச்சுக்கிட்டோம். எங்க சின்ன அத்தை ஒருத்தி இருக்கா. உள்ளே போனா சோறு போடாம விடமாட்டா, சோறு ஆன பிறகு பழம், பழம் ஆன பிறகு போட்டோ ஆல்பம். அவ எவன் பங்குல விழுந்தாளோ அவன் சாயங்காலம் மஃரிப் தொழுகை வரைக்கும் வெளியே வரலை. மீதி நாலு வீடும் கோவிச்சுக்கிச்சு. நாங்க அஞ்சு பேரும் வேலை முடிஞ்சு சும்மா நின்னோம்."

"பிறகு?"

"அடுத்த ஈத்துக்கு எங்க அம்மா பட்டியலைப் பிரிக்கலை. ஒரே பட்டியலா மேஜை மேல வச்சா. எவன் ஒரு வீட்டை முடிக்கறானோ அவன் அடுத்த பேரைச் சொல்லிக் கேட்டுட்டுப் போகணும். அத்தைகிட்ட மாட்டினவன் மாட்டினவன்தான். மத்த வீடுங்க அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

எங்கள் தொழிலில் இதற்கு த்ரெட் பூல் என்று பெயர். புதிய விஷயம் ஒன்றுமில்லை, நானும் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் படித்ததற்கும், எதிரே ஒருவன் உட்கார்ந்து அதை நம் வீட்டுக் கஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைப்பதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அய்ஹம் அதிகம் எழுதவில்லை. என்னுடைய வரிகளில் பாதியை அழித்தான். ஒரு பட்டியல், அதைச் சுற்றி வேலையாட்கள், ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரே கட்டளை: பெயரை எடு, கேள், பதிலை எழுது, அடுத்த பெயரை எடு. பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் பெயரைத் தனியே குறித்துவிட்டு நகர்ந்துவிடு. மொத்தம் முப்பது வரிகூட இல்லை. அவசரத்தில் எழுதியது என்று யாரும் சொல்ல முடியாத சுத்தம். தட்டச்சு செய்யும்போது அவன் உதட்டைக் கடிப்பான் என்பதை ஐந்து வருடத்தில் அன்றுதான் கவனித்தேன்.

"எத்தனை ஆள் வைக்கலாம்?" என்றான்.

"நூறு வை. அப்பாவுக்குத்தானே," என்றேன்.

"நூறா? சரி. கணக்குப்படி ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடியில முடியணும்."

ஐந்து மணிக்கு ஓட்டினோம். முப்பத்தோரு விநாடியில் முடிந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூறு கடைகள். ஆயிரத்து எண்ணூறிலும் 'இல்லை.'

நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். இரண்டு மணி நேரத்தில் வரவேண்டிய துக்கம் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. பையை எடுத்தேன். "நான் வீட்டுக்குப் போறேன் அய்ஹம். பெரியப்பாவையே பேசச் சொல்லணும். அதை அப்பாகிட்ட நான்தான் சொல்லணும்."

"இரு."

"எதுக்கு? அதான் கேட்டாச்சே."

"கதீர், உட்காரு. முப்பத்தோரு விநாடி. எழுபத்திரண்டு ஆகணும். இந்த நாட்டுல எவனாவது இவ்வளவு வேகமா இல்லைன்னு சொல்லி நீ பார்த்திருக்கியா? இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க அப்பா சௌக்கியமா, அம்மா சௌக்கியமான்னு ஒரு சுத்து விசாரிக்க மாட்டானா?"

அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. வந்த பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தான். நானூறு கடைகள் உண்மையாகவே இல்லை என்றிருந்தன. மிச்சம் ஆயிரத்து நானூறு பதில்களும் ஒரே வாசகம்: 'நீங்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். அனுமதி இல்லை.'

என் முகம் சுட்டது. அந்தப் பகுதி நான் எழுதியது. அவன் அதைத் தொடாமல் விட்டிருந்தான். 'உண்டு' என்று வராத எல்லாவற்றையும் 'இல்லை' என்று எழுதும்படி இரண்டு வருடத்துக்கு முன்னால் நானேதான் வைத்திருந்தேன். யாராவது பதில் சொல்லாமல் போனால்? கதவையே திறக்காவிட்டால்? அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக எத்தனை பேருக்கு இந்த மாதிரி 'இல்லை' சொல்லியிருக்கிறேனோ.

"என் தப்பு," என்றேன்.

"நூறு பேரை அனுப்பினது நான். அது பெரிய தப்பு," என்றான் அய்ஹம். "இதைப் பாரு. இந்த ஆயிரத்து நானூறு கடைக்கும் ஆயிரத்து நானூறு பேரு. ஆனா விலாசம் ஒண்ணேதான். எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல இருக்கு. நாம ஆயிரத்து நானூறு வீட்டுக்கு ஆள் அனுப்பறதா நினைச்சோம். ஒரே வாசல்ல நூறு பேர் நின்னு கதவை இடிச்சிருக்கோம்."

"யாரோட வாசல்?"

அந்த விலாசத்தின் பதிவில் ஒரு பெயரும் இர்பித் ஊரில் ஒரு போன் நம்பரும் இருந்தன. நானாக இருந்தால் கணினியின் அடையாளத்தை மாற்றிக்கொண்டு வேறு வழியாக நுழையப் பார்த்திருப்பேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வது அதைத்தான். அய்ஹம் போனை எடுத்து அந்த மனிதருக்கே பேசினான். ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அபூ ஸைபுங்களா? என் பேரு அய்ஹம். அம்மான்லேருந்து பேசறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க மெஷினை இடிச்சது நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு கரகரத்த குரல். "நீயா? திருட்டுப் பயலுகளைப் பத்திக் கேட்டிருக்கேன், திருடிட்டு போன் பண்ணிச் சொல்ற திருடனை இப்பதான் பார்க்கறேன். எத்தனை பேரைடா அனுப்பினே?"

"நூறு."

"நூறா! கல்யாணத்துக்கா வந்தே? என் மெஷின் எங்கே இருக்கு தெரியுமா? என் மருந்துக்கடைக்குப் பின்னாடி, ஷாம்பு அட்டைப்பெட்டிக்கு நடுவுல. என் கடைச் சரக்குக் கணக்குக்கு ஒரு ப்ரோகிராம் செஞ்சேன். பக்கத்துக் கடைக்காரன் கேட்டான், அவனுக்கும் செஞ்சேன். அவன் மச்சான் கேட்டான். இப்ப அகபா வரைக்கும் என் தலையில உட்கார்ந்திருக்கானுக. நீ இடிச்ச இடியில எல்லாக் கடையும் பத்து நிமிஷம் படுத்துருச்சு. நாப்பது பேர் என்னைத் திட்டிட்டானுக."

"திட்ட வேண்டியது என்னைத்தான் ஐயா. உங்ககிட்ட கேட்காம வந்தது தப்பு. நம்பரைக் கொடுங்க, நாப்பது பேர்கிட்டயும் நானே பேசறேன்."

"போதும் போதும், என்ன அவசரம் உனக்கு?"

அய்ஹம் என்னைப் பார்த்தான். நான் குனிந்து போனுக்கு அருகே போய்ச் சொன்னேன். அப்பாவின் நோய், மாத்திரையின் பெயர், நாளைய ஜாஹா எல்லாம்.

அபூ ஸைப் ஒரு முறை தொண்டையைச் செருமினார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா கதவை நானே திறந்து நின்னிருப்பேனே பொண்ணு. அந்த மாத்திரை இன்னிக்கு எங்கேயும் இருக்காது. தெற்குப் பக்கம் மொத்த வியாபாரியோட வண்டி வியாழக்கிழமை சாயங்காலம்தான் போகும். காலையில கடையைத் திறந்துதான் கம்ப்யூட்டர்ல ஏத்துவானுக. காலையில கேளுங்க. டேய், நீ."

"சொல்லுங்க ஐயா."

"இருபது பேர். அதுக்கு மேல இருபத்தொண்ணாவது ஆள் என் வாசல்ல நின்னா உன் மூஞ்சியிலேயே கதவைச் சாத்துவேன்."

"இருபதே போதும். ஆறு நிமிஷத்துல ஒரு சுத்து முடிஞ்சிடும்."

போனை வைத்ததும் அவன் நூறை அழித்து இருபது என்று எழுதினான். நான் என் பகுதியைத் திருத்தினேன். உண்டு, இல்லை என்பதோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு பத்தி. அன்று இரவு அப்பா என் பேச்சைக் கேட்டுக் கடைசி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "கிடைச்சிடும் யாபா," என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் அலுவலகம் போனபோது அய்ஹம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். மேஜையில் எள்ளு ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. சுற்று ஆரம்பித்தோம்.

அதை நான் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை அழகு. திரையில் இருபது வரிகள். ஒன்று ஸர்காவில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அஜ்லூனில் பதில் வாங்கிவிட்டு மஃப்ரக்குக்குக் கிளம்பும். எங்கோ ஒரு கடை தூங்கி வழியும். அங்கே நிற்கும் ஒருத்தி மட்டும் பொறுமையாக நிற்பாள், மற்ற பத்தொன்பது பேரும் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். யாரும் யார் மேலும் இடிக்கவில்லை. ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் தொடவில்லை. பட்டியல் தீர்ந்ததும் இருபதும் ஒன்றாக வந்து நின்றன. ஆறு நிமிடம். மறுபடி முதலிலிருந்து.

'தெரியவில்லை' பத்தியில் விழுந்த கடைகளுக்கு நான் போனில் கேட்டேன். ஏழாவது சுற்று, பன்னிரண்டாவது சுற்று. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். "பேச மாட்டேங்கறார். கையைப் பிடிச்சா கல்லு மாதிரி இருக்கு," என்றாள் இரண்டாவது தடவை.

பத்தொன்பதாவது சுற்றில் ஒரு வரி பச்சையானது. தெற்கே கரக். மூன்று டப்பா. மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

கடைக்காரர் உடனே எடுத்தார். "இருக்கு. இப்பதான் ஏத்தினேன், அதுக்குள்ள எப்படி உங்களுக்குத் தெரிஞ்சது? ஆனா எடுத்து வைக்க மாட்டேன் தங்கச்சி, முதல்ல வர்றவங்களுக்குத்தான். ரெண்டு பேர் கேட்டு வச்சிருக்காங்க. பதினொன்றரைக்கு ஜும்ஆ தொழுகைக்குப் பூட்டிடுவேன், பிறகு நாளைக்குத்தான்."

"அண்ணா, இன்னிக்கு எங்க வீட்டுக்கு ஜாஹா வருது. அப்பா பேசணும்."

"ஜாஹாவா?" அவர் குரல் மாறியது. "மாப்பிள்ளை எந்த ஊரு? சரி சரி, அது எனக்கெதுக்கு. ஒரு டப்பாவை என் சட்டைப் பையில போட்டுக்கறேன். பன்னிரண்டு மணி வரைக்கும் வாசல்ல நிப்பேன். அதுக்கு மேல நின்னா தொழுகை தவறிடும், அல்லாஹ் என்னைத்தான் கேட்பான்."

திரும்பிப் பார்த்தேன். அய்ஹம் கார்ச் சாவியோடு படியில் பாதி இறங்கிவிட்டிருந்தான். "நீ வீட்டுக்குப் போ, அப்பாகிட்ட இரு. சுத்தை நிறுத்தாதே," என்று கீழேயிருந்து கத்தினான். "நம்ம தளத்துல இன்னும் அறுபது பேர் இதே மாத்திரைக்குப் பதிஞ்சிருக்காங்க. மீதி டப்பா அவங்களுக்குப் போகட்டும்."

நான் அவனை வியந்த நேரங்கள் அந்த இரண்டு நாளில் பல. ஆனால் அந்தப் படிக்கட்டுக் கத்தல்தான் மனதில் நிற்கிறது.

அவன் ஒன்றே முக்காலுக்கு வந்து டப்பாவை என் கையில் கொடுத்தான். அம்மா அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள், நான் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் கொடுத்தேன். இரண்டரைக்கு அப்பாவின் விரல்கள் அசைந்தன. மூன்று மணிக்கு, "என் சாம்பல் நிற கோட்டு எங்கே?" என்றார். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலே காலுக்கு ஜாஹா வந்தது. பெண்கள் நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, குடும்பப் பெருமையும் தியாலாவின் பெருமையும் பேசி முடித்தார். பெரியப்பா மெல்ல முன்னுக்கு நகர்வது தெரிந்தது. அப்பா அவர் தோளில் ஒரு கையை வைத்தார், அழுத்தி எழுந்தார். நின்றார்.

"வந்தவங்க எல்லாருக்கும் நல்வரவு," என்றார். தெளிவான குரல். பிறகு நிறுத்தவே இல்லை. தியாலா பிறந்த அன்று பெய்த பனி, அவள் முதல் பல், அவர் அளந்த நிலங்கள், மாப்பிள்ளையின் தாத்தாவின் நிலத்தில் ஒரு எல்லைக் கல் பதினோரு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது என்பது வரை.

"யம்மா, காபி ஆறிப் பச்சைத் தண்ணியாகப்போகுது, நிறுத்தச் சொல்லேன்," என்று தியாலா அம்மாவின் காதில் கெஞ்சினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பேசட்டும். பேசட்டும் விடு," என்றாள்.

கடைசியில் அப்பா குனிந்து, அந்தக் கோப்பையைத் தன் கையாலேயே எடுத்து மூத்தவரிடம் நீட்டினார். "கேட்டது கிடைச்சாச்சு. உங்க காபியைக் குடிங்க." இரண்டு சொட்டு சிந்தியது, அவ்வளவுதான். கூடமே வாழ்த்தியது. எங்கள் பக்கம் குலவை எழுந்தது.

நான் கீழே இறங்கிப் போனேன். அய்ஹம் இன்னும் காரில்தான் இருந்தான். மடிக்கணினி ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தது.

"பேசினாரா?"

"பேசினாரா? நிறுத்தலை."

அவன் முகம் மலர்ந்தது. "மீதி ரெண்டு டப்பாவும் போயாச்சு. ஒண்ணு தஃபீலாவிலேருந்து வந்த ஒரு அம்மாவுக்கு. மாதபாவுல புதுசா நாலு காட்டுது, அதுக்கும் சேதி போயிடுச்சு. அபூ ஸைப் போன் பண்ணினார், ஜாஹா என்ன ஆச்சுன்னு கேட்டார். நீயே சொல்லிடு."

"சொல்றேன். நீ மேலே வா."

"நான் எதுக்கு? நான் ஜாஹா ஆளும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை. உங்க பெரியப்பா என்னை ட்ரைவர்னு நினைச்சு ரெண்டு தடவை காரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிட்டார்."

"அப்பா கேட்டார். மாத்திரை கொண்டுவந்த பையன் யாரு, ஏன் வாசல்லயே நிக்கறான்னு."

"நீ என்ன சொன்னே?"

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது முகம் சிவந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவும் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையெல்லாம் நடுத்தெருவில் எப்படிச் சொல்வது? கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"மேலே வந்து நீயே சொல்லு," என்றேன். "சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு வா. பெரியப்பாவும் இருக்கார்."